மேப்பிள் பாட்டிலும் உடன்குடி ஓலைப்பெட்டியும்!

"ஏட்டி, அந்த பாட்டில்ல காது கணக்கா ஒண்ணு ஒட்டியிருக்கே, அதுல யாரு வெரலு நுழையும்?"

வீடியோ காலில் அப்பா கேட்ட கேள்வி இது. 2022 பிப்ரவரி. கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் ஆறு காலிப் பாத்திரங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. சிறிய காது வைத்த கண்ணாடிக் குடுவை ஒன்று. மேப்பிள் இலை வடிவத்தில் ஒரு பாட்டில். அலங்காரம் எதுவும் இல்லாத வட்ட பாட்டில். பழுப்பு நிற பிளாஸ்டிக் ஜக். தகர டின். கடைசியாக, நிற்கும் பை என்று இப்போது எல்லாவற்றுக்கும் வருகிறதே, அது.

வெளியே பனி முழங்கால் அளவு. இன்னும் மூன்று வாரத்தில் மேப்பிள் மரத்தில் நீர் ஓடத் தொடங்கிவிடும். அந்த வருடம் முதல்முறையாக, காய்ச்சும் சிரப்பை விற்பது என்று முடிவு செய்திருந்தோம். எதில் அடைத்து விற்பது என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்து கிடந்தது.

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி 2011ல் கனடா வந்தேன். எட்டு வருடம் டொரன்டோவில் அடுக்குமாடி வாழ்க்கை. 2019ல் நகரத்தை விட்டு விலகி, மூன்று ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீடு வாங்கினோம். வாங்கும்போது அந்த நிலத்தில் நின்ற மரங்கள் என்ன மரம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பக்கத்துப் பண்ணைக்காரர்தான் ஒருநாள் வேலியோரம் நின்று, "இவை சுகர் மேப்பிள். உங்களுக்குத் தெரியுமா, நீங்கள் சர்க்கரை ஆலைக்கு நடுவில் குடியிருக்கிறீர்கள்" என்று சிரித்தார்.

இரவில் உறைகுளிர், பகலில் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே வெயில். இந்த இரண்டும் மாறி மாறி வரும் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் பாதி வரைதான் மேப்பிள் நீர் இறங்கும். மரத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்குள் ஒரு சின்னத் துளை போட்டு, குழாய் செருகி, வாளி மாட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக விழும் அந்த நீரைக் குடித்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். இனிப்பு இரண்டு சதவீதம் அளவுதான். சுமார் 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப் கிடைக்கும்.

இதை முதல்முறை அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "நாப்பதுக்கு ஒண்ணா? பதநீரு எவ்வளவோ தேவல" என்றார். அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கு அப்போது 71 வயது. ஐம்பது வருடம் பனை ஏறியவர். காலையில் ஒரு ஏற்றம், மாலையில் ஒரு ஏற்றம். பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி, பதநீர் இறக்கி வருவார். அம்மா விடிலியில் உட்கார்ந்து காய்ச்சுவாள். பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி.

நாங்கள் ஷெட்டில் விறகடுப்பு போட்டு, அகலமான ஸ்டீல் தட்டில் மேப்பிள் நீரைக் காய்ச்சுவதை அப்பா போனில் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் நுரை பொங்கி வழியப் பார்த்தது. நான் ஒரு துளி வெண்ணெய் போட்டேன், சட்டென்று அடங்கியது. அப்பா துள்ளிவிட்டார். "உங்க அம்மை ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவாள்லா! அதே சோலிதான்!"

ஆக, காய்ச்சுவதில் எனக்கு அப்பாவின் ஆசீர்வாதமும் பண்ணைக்காரரின் பாடமும் இருந்தன. அடைப்பதில்தான் யாரும் துணைக்கு இல்லை.

என் கணவருக்கு மேப்பிள் இலை வடிவ பாட்டில்தான் வேண்டும். "பார்த்தவுடனே கனடான்னு தெரியணும். பரிசு கொடுக்க வாங்குவாங்க" என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் தவறில்லை. விமான நிலையக் கடைகளில் அந்த பாட்டில்தான் கண்ணைப் பறிக்கும். ஆனால் விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. தவிர, இலையின் முனைகளுக்குள் தங்கும் சிரப் கடைசி வரை வெளியே வராது.

14 வயது மகளுக்கு அலங்காரமில்லாத வட்ட பாட்டில் பிடித்திருந்தது. "காலியானதும் வேற எதுக்காவது வெச்சுக்கலாம்மா. குப்பைக்குப் போகாது."

பண்ணைக்காரரோ பிளாஸ்டிக் ஜக் ஆள். முப்பது வருடமாக அதில்தான் அடைக்கிறார். எடை குறைவு, கீழே விழுந்தால் உடையாது, விலை கண்ணாடியில் பாதிகூட இல்லை. "ஆனால் ஒன்று, பிளாஸ்டிக் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் நிறம் கறுத்துவிடும். என்னிடம் வாங்குகிறவர்கள் அதற்குள் தீர்த்துவிடுவார்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

நிறம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கத் தோன்றும். இங்கே மேப்பிள் சிரப்பை விற்பதே நிறத்தை வைத்துத்தான். பொன் நிறம், அம்பர், அடர் நிறம், மிக அடர் நிறம் என்று நான்கு வகை. பருவத்தின் தொடக்கத்தில் இறங்கும் நீரில் காய்ச்சியது பொன்னிறமாக, மென்மையான சுவையோடு இருக்கும். பருவம் முடிய முடிய நிறமும் சுவையும் ஏறும். லேபிளில் 'பொன் நிறம்' என்று போட்டுவிட்டு உள்ளே தேநீர் டிகாக்‌ஷன் மாதிரி இருந்தால், வாங்கியவர் நம்மை என்ன நினைப்பார்?

தகர டின் கியூபெக் மாகாணத்தின் வழக்கம். உலகத்து மேப்பிள் சிரப்பில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. காற்றும் வெளிச்சமும் புகாது, அடுக்கி வைக்கவும் வசதி. ஆனால் மூடியை அழுத்தி ஒட்ட ஒரு இயந்திரம் வேண்டும். வாங்கியவரும் திறந்ததும் வேறு பாட்டிலுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். எங்கள் 40 லிட்டருக்கு இயந்திரம் வாங்குவது, எலி பிடிக்க யானை வாங்கிய கதையாகிவிடும்.

அப்பா கேட்ட காது விஷயத்தையும் விசாரித்தேன். ஒரு காலத்தில் இங்கே சிரப்பைப் பெரிய மண் குடுவைகளில் வைத்திருந்தார்களாம். தூக்குவதற்கு அதில் கைப்பிடி இருக்கும். குடுவை சின்ன கண்ணாடி பாட்டிலாக மாறிய பிறகும், பழைய ஞாபகத்துக்கு அந்தக் கைப்பிடி மட்டும் சுருங்கி ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நம்ம வீட்டுல ஆட்டுரலு இன்னும் கிடக்கே, அது மாதிரின்னு சொல்லு" என்றார். மிக்ஸி வந்து இருபது வருடமாகியும் அம்மா அதை நகர்த்தவிடவில்லை!

ஒரு கண்காட்சியில் பார்த்தது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். நாங்கள் இருக்கும் பகுதி அனிஷினாபே பழங்குடி மக்களின் பூர்வ நிலம். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் மேப்பிள் நீரைக் காய்ச்சியிருக்கிறார்கள். ஆனால் சிரப்பாக நிறுத்தாமல், இன்னும் காய்ச்சிச் சர்க்கரையாக்கி, 'மக்கக்' என்ற பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிர்ச் மரப்பட்டையை மடித்து, வேரால் தைத்த பெட்டி. அதைப் பார்த்ததும் காலடி நகரவில்லை. திருச்செந்தூர் கோயில் வாசலில் சில்லுக்கருப்பட்டி வைத்து விற்கும் ஓலைப்பெட்டியின் அக்கா மாதிரி இருந்தது.

காற்றுப் புகாத மலிவான தகர டின்கள் வந்த பிறகுதான் இங்கே சர்க்கரைக் கட்டி பின்னுக்குப் போய் சிரப் முன்னுக்கு வந்தது. யோசித்துப் பாருங்கள். எதில் வைக்க முடியுமோ, பண்டம் அந்த உருவத்தை எடுத்துக்கொள்கிறது. சிரட்டை இருந்ததால்தானே நம் கருப்பட்டிக்கு அந்த அரை உருண்டை வடிவம்!

கடைசியில் மகள் கட்சி ஜெயித்தது. 250 மில்லி வட்ட பாட்டில் 160 வாங்கினோம். மூடியோடு ஒன்று மூன்று டாலர். மொத்தம் 480 டாலர். சிரப் ஒரு சொட்டு இறங்குவதற்கு முன்பே கையைவிட்டுப் போன பணம்.

அந்த வருடப் பருவம் நன்றாக இருந்தது. 38 மரத்தில் 50 குழாய். பெரிய மரங்களுக்கு மட்டும் இரண்டு. இளைத்த மரங்களைத் தொடவே இல்லை. அதில் அப்பா கறார். "மரம் தரும். அதுக்காவ எல்லாத்தையும் உறிஞ்சிரக் கூடாது" என்பார். வீட்டுக்கு எடுத்து வைத்ததுபோக விற்க 40 லிட்டர் தேறியது.

மகள் கணினியில் லேபிள் வரைந்தாள். பச்சை எழுத்து, கீழே ஒரு மரம், ரொம்ப அழகு. அந்த அழகுதான் எங்களைக் கவிழ்த்தது.

சிரப் தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட சுமார் நான்கு டிகிரி கூடுதல் சூட்டில் பதத்துக்கு வரும். வந்ததும் தடித்த கம்பளித் துணியில் வடிகட்ட வேண்டும். இல்லாவிட்டால் மரத்திலிருந்து வரும் தாதுக்கள் மணல் மாதிரி பாட்டிலின் அடியில் படியும். கண்ணாடியில் அது பளிச்சென்று தெரியும். வடிகட்டிய சிரப்பை 82 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பாட்டிலில் ஊற்றி, மூடியைத் திருகி, உடனே படுக்க வைக்க வேண்டும். சூடான சிரப் மூடியின் உட்புறத்தையும் கழுத்தையும் தொட்டு அங்கே இருக்கும் கிருமிகளைக் கொல்வதற்காக. பண்ணைக்காரர் இதை இரண்டு முறை சொல்லியிருந்தார்.

நாங்கள் என்ன செய்தோம்? நேரம் மிச்சமாகும் என்று லேபிளை முதலிலேயே ஒட்டிவிட்டோம். காலி பாட்டிலில் ஒட்டுவது சுலபமாக இருந்தது. பாட்டிலைப் படுக்க வைத்தால் சூட்டிலும் பிசுக்கிலும் லேபிள் சுருங்கிவிடுமே என்று நிற்கவே வைத்தோம். பாத்திரத்தில் கடைசியாக இருந்த சிரப் ஆறிக்கொண்டே வந்ததையும் கவனிக்கவில்லை. திரும்ப அடுப்பில் வைக்கச் சோம்பல். இரவு மணி பன்னிரண்டாகிவிட்டிருந்தது.

மே மாதம் பக்கத்து ஊர்ச் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மேஜை போட்டோம். ஊரிலிருந்து வரும்போது நான் கொண்டுவந்த ஓலைப்பெட்டி ஒன்று, ஊசி நூல் போட்டு வைத்திருந்தேன். அதைக் கல்லாப்பெட்டியாக்கினேன். பாட்டில் 12 டாலர். வெயிலில் அந்தக் கண்ணாடிக்குள் சிரப் தங்கம் மாதிரி மின்னும். ஜூன் கடைசிக்குள் 93 பாட்டில் போய்விட்டது. கணவர் அடுத்த வருடத்துக்கு 300 பாட்டில் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்.

ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை. வெள்ளை முடி, கையில் ஊன்றுகோல், எண்பது வயது இருக்கும் ஒரு அம்மா வந்தார். பையிலிருந்து எங்கள் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். பாதி காலி. கழுத்தோரம் சாம்பல் நிறத்தில் ஒரு பூஞ்சைப் படலம்.

"நான் இதை என் பேரனுக்குக் கொடுத்தேன். பிறகுதான் பார்த்தேன்" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேரனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவரே சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் நகர்ந்ததும் மேஜையில் மீதி இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தன. ஆனால் அந்த அம்மாவின் பாட்டிலும் அன்று விற்கும்போது அப்படித்தானே தெரிந்திருக்கும்?

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். ஆறு நாள் காய்ச்சி, ஆறு முறை அடைத்திருந்தோம். கெட்டது எந்த நாள் பாட்டில்? கடைசி நாளா? எல்லா நாளிலும் கடைசியாக ஊற்றியவையா? கண்டுபிடிக்க வழியே இல்லை. 160 பாட்டிலிலும் ஒரே லேபிள். கடைகளில் வாங்கும் பாட்டில்களின் அடியில் சின்னதாக ஒரு எண் அச்சடித்திருப்பார்களே, எந்தத் தொகுதி என்று காட்டும் எண். அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நாங்கள் விட்டிருந்தோம்.

"இருக்கிறதை மட்டும் கொட்டிடலாம். வித்தது வித்ததுதானே. வந்தவங்களுக்கு மட்டும் காசு கொடுப்போம்" என்றார் கணவர், தயங்கித் தயங்கி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த நப்பாசை இருந்தது.

மகள் நிமிர்ந்து, "இன்னொரு குழந்தை சாப்பிட்டா?" என்றாள். அவ்வளவுதான்.

மிச்சமிருந்த 67 பாட்டிலையும் திறந்து கொட்டினோம். இரண்டு மாதம் விறகு சுமந்து, புகையில் கண் எரிந்து காய்ச்சியது. அடுத்த சனிக்கிழமை விற்பதற்கு எதுவும் இல்லாமல் சந்தைக்குப் போய், 'எங்கள் சிரப் வாங்கியவர்கள் தயவுசெய்து சாப்பிட வேண்டாம், பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று அட்டையில் எழுதி மேஜை முன் மாட்டினேன். நான்கு சனிக்கிழமைகள் அப்படி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைகளில் தேன், ரொட்டி, தக்காளி என்று வியாபாரம் நடக்கும். நான் மட்டும் ஓலைப்பெட்டியிலிருந்து காசை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 31 பாட்டில் திரும்ப வந்தது. பூஞ்சை இருந்தது நான்கில்தான். மூன்று பேர் காசு வேண்டாம் என்றார்கள். நான் விடவில்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் அழுதேன். "யாருக்கும் தெரியாம விட்டிருக்கலாமோன்னு தோணுதுப்பா. மானமே போச்சு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"ஏட்டி, நான் ஐம்பது வருசம் ஏறினேன். நம்ம கருப்பட்டி எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. வியாபாரி எடை போட்டு எடுத்துட்டுப் போவான். அவன் குடோன்ல சீனி கலந்து காய்ச்சினதும் கிடக்கும், நம்மதும் கிடக்கும். எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. நல்லாருக்குன்னு ஒருத்தன் வந்து சொன்னதில்ல. நல்லால்லன்னும் ஒருத்தன் வந்து சொன்னதில்ல. உன்னையத் திட்டவாவது ஒருத்தி தேடி வந்தாளே... அதுக்குச் சந்தோசப்படுட்டி."

போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. வேறொரு ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் திருநெல்வேலியில் கல்லூரி படித்தபோது, ஹாஸ்டல் தோழிகள் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால், "விவசாயம்" என்பேன். கல்யாணப் பேச்சின்போதும் அதையேதான் சொல்லச் சொன்னேன். ஒருமுறை அப்பா கல்லூரிக்கு என்னைப் பார்க்க வந்தார். நெஞ்சிலும் கையிலும் பனை உரசி உரசிக் காய்த்துப் போயிருக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். நல்ல வெயில் காலம். நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்திருந்தது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும்தான்.

2023 பருவத்துக்கு முன் மறுபடியும் சாப்பாட்டு மேஜை. இந்த முறை சண்டையில்லை. சந்தைக்கு அதே வட்ட கண்ணாடி பாட்டில், 80 மட்டும். மாதாமாதம் தவறாமல் வாங்குவோம் என்று சொன்ன அக்கம்பக்கத்தாருக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜக். கண்ணாடியைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த முறை காரணம் வேறு. உள்ளே என்ன நடந்தாலும் வாங்குகிறவருக்கு வெளியே தெரியட்டும். நாம் ஒழுங்காகச் செய்வதற்கு அந்தப் பயம் நல்லது.

ஊற்றுவதற்கு முன் பாட்டில்களை வெதுவெதுப்பாக்கி வைத்தோம். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் சிரப் பட்டால் விரிசல் விடும். பக்கத்திலேயே வெப்பமானி. 82க்குக் கீழே இறங்கினால் திரும்ப அடுப்பு. மூடியதும் படுக்கை. சூடாக இருக்கும்போதே அட்டைப் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கினால் சூடு தணியாமல் நிறம் கறுக்கும் என்பதால், இடைவெளி விட்டு ஆற வைத்தோம். ஆறும்போது சிரப் சுருங்கும் என்பதால் ஆறிய பிறகும் அளவு குறையாதபடி ஊற்றினோம். லேபிள் எல்லாவற்றுக்கும் கடைசியில், மறுநாள். ஒவ்வொரு பாட்டிலின் பின்னாலும் காய்ச்சிய தேதியும் தொகுதி எண்ணும் என் கையெழுத்தில். வீட்டில் பொடியோ, எண்ணெயோ, ஊறுகாயோ செய்து விற்கும் தோழிகளுக்கு நான் சொல்வதும் இதைத்தான். அழகான பாட்டில் அப்புறம். முதலில் பத்து வாங்கி, அடைத்து, இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள். தேதியும் எண்ணும் இல்லாமல் ஒன்றைக்கூட வெளியே விடாதீர்கள்.

பின்பக்க லேபிளில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. மகள் எழுதிக் காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். 'என் தாத்தா பனை மரம் ஏறி இனிப்பு நீர் இறக்கினார். என் அம்மா மேப்பிள் மரத்தில் குழாய் அடிக்கிறார். எங்கள் வீட்டில் எப்போதும் ஏதோ ஒன்று அடுப்பில் கொதிக்கும்.' அதற்குக் கீழே அப்பாவின் பெயர், தமிழ் எழுத்தில்.

"போடலாமாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு அதில் யோசிக்க எதுவுமில்லை. மரம் ஏறுவது அவளுக்கு ஒரு வீரசாகசம். கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டு, "எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசா போடு" என்றேன்.

மே மாதம் சந்தை திறந்தது. மூன்றாவது சனிக்கிழமை, ஊன்றுகோல் சத்தம். அதே அம்மா. ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார்.

"பனை மரம் எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டார்.

சந்தையின் ஓரத்தில் நின்ற மூன்று மாடிக் கட்டடத்தைக் காட்டினேன். "அதைவிட உயரமான மரங்களும் உண்டு. அப்பா ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்குவார்."

"கயிறு கட்டிக்கொண்டா?"

"இல்லை. காலில் ஒரு நார் வளையம் மட்டும்."

அவர் அந்தக் கட்டடத்தின் உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பாட்டில் வாங்கினார்.

ஊருக்குப் போன டிசம்பரில் அப்பாவுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோனேன். துணி சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, புடவைகளுக்கு நடுவில் வைத்து, உடையாமல் வந்து சேர்ந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பு படித்தவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார். ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட் தவிர அவர் பெயர் வேறெங்கும் அச்சில் வந்ததில்லை. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். அம்மா பக்கத்தில் வந்து நின்று, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை.

ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு மூடியை இறுக்கித் திருகி என்னிடம் நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிமே பாத்துக் காய்ச்சுட்டி. பேரு என்னுதுல்லா!"